கடைசி மூன்று அத்தியாயங்கள்

ஸ்ரீவராகத்துக் குளத்துப் படியில் ஈர வேஷ்டியோடு ஒருவர் நிற்கிறார். இரண்டு காதுகளிலும் ஆள்காட்டி விரல்களைச் செருகியிருக்கிறார். கண்கள் இறுக மூடியிருக்கின்றன. எதிரே ஒரு பையன், "மாமா, கப்பல் கவுந்துடறது மாமா, ஆனா அவன் சாகலை, கேட்டேளா" என்று குதித்துக் குதித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறான். பக்கத்துப் படியில் சந்தியாவந்தனம் செய்துகொண்டிருந்தவர்கள் மந்திரத்தை நடுவில் நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். என் அத்திம்பேரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தரை இப்படி நினைத்துக்கொள்வது மரியாதை இல்லைதான். ஆனால் அவரைக் கோட்டும் தலைப்பாகையுமாக நினைத்துப் பார்க்க முயன்ற போதெல்லாம் அந்தக் கோட்டுக் கைகளும் காதை நோக்கித்தான் எழும்பின.

அத்திம்பேர் என் அக்காவின் கணவர். பகலில் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம். திருவனந்தபுரத்தில் கச்சேரி என்றால் அலுவலகம், அங்கே யாரும் பாடுவதில்லை. சாயங்காலம் எங்கள் தெரு வாசகசாலைக்குச் சம்பளமில்லாத காரியதரிசி. அங்கே பெரியவர்களுக்குப் பத்திரிகைகளும் பிள்ளைகளுக்கு ஓர் அலமாரியும் உண்டு. அந்த அலமாரி அவருடைய ராஜ்யம். அதில் இரண்டு ஜாதிப் புத்தகங்களைத்தான் சேர்ப்பார்: சாகசக் கதை, பள்ளிக்கூடக் கதை. நீதிக் கதைகளைத் தானமாகக் கொண்டுவந்து கொடுப்பவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு, பெரியவர்கள் அலமாரிக்கு அனுப்பிவிடுவார். "அவாளுக்குத்தான் அவசியம்" என்பார். பத்துக்கும் பதினைந்துக்கும் நடுவில் இருக்கிற பையனுக்கு இரண்டே கதைகள் போதும் என்பது அவருடைய சித்தாந்தம். "ஒண்ணு வெளியிலே போறதுக்கு, இன்னொண்ணு உள்ளேயே உக்காந்திருக்கறதுக்கு. ரெண்டும் கஷ்டமாக்கும்."

அவர் சிபாரிசு செய்கிற விதம் வேறு யாருக்கும் வராது. புத்தகத்தைப் புகழவே மாட்டார். வாசகசாலைக்கு வந்த பையனின் தோளில் கையை வைத்து, யாரோ உறவுக்காரனுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்வதுபோல் தாழ்ந்த குரலில், "அவனைக் குகைக்குள்ளே அடைச்சுட்டாடா. வெளியிலே பாறையை உருட்டி வெச்சுட்டா. நான் அதோட வந்துட்டேன். தப்பிச்சானா இல்லையான்னு எனக்கே தெரியாது" என்பார். இதில் பொய் கிடையாது. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. எந்த நாவலானாலும் கடைசி மூன்று அத்தியாயங்களுக்கு முன்னால் நிறுத்திவிடுவது அவருடைய வழக்கம். முடிவு தெரிந்தவன் சிபாரிசு செய்தால் அவன் முகமே காட்டிக்கொடுத்துவிடும், பிள்ளைகள் புத்தகத்தைப் படிப்பதற்கு முன்னால் நம் முகத்தைத்தான் படிக்கிறார்கள் என்று சொல்வார். பையன்கள் இதைத் தெரிந்துகொண்டு, படித்து முடித்ததும் அவரைத் துரத்தித் துரத்தி முடிவைச் சொல்லப் பார்ப்பார்கள். அப்போதுதான் அந்த விரல்கள் காதுக்குப் போகும்.

அவர் நிறுத்துகிற இடத்தில் அக்கா தொடங்குவாள். இது அந்த வீட்டின் ஏற்பாடு. அவர் புத்தகத்தைச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டுப் போவார். அக்கா அடுப்புக்கும் கொடியில் காயும் துணிக்கும் நடுவே கிடைக்கும் நேரத்தில் கடைசி மூன்று அத்தியாயங்களை மட்டும் படிப்பாள். முதல் பாகத்தைத் தொடக்கூட மாட்டாள். ஆரம்பம் தெரியாமல் முடிவை மட்டும் படித்தால் என்ன புரியும் என்று ஒருமுறை கேட்டேன். "கல்யாணச் சாப்பாட்டுக்குப் போறவா நிச்சயதார்த்தத்துக்கும் போயிருக்கணுமா என்ன" என்றாள். ஆக, அவருக்கு நூற்றுக்கணக்கான தொடக்கங்கள் தெரியும், அவளுக்கு நூற்றுக்கணக்கான முடிவுகள் தெரியும். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதே இல்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து கடைசிவரை படித்து ஒன்றும் ஞாபகம் வைத்துக்கொள்ளாத நான் அந்த வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நான் சொல்லப்போகிற வருஷத்தில் ஊர் நன்றாக இல்லை. படிப்புக்குக் கட்டுகிற சம்பளத்தைக் கூட்டிவிட்டார்கள் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் காலேஜ் பிள்ளைகளும் வகுப்பைவிட்டு இறங்கித் தெருவில் நின்றார்கள். குதிரைப் போலீஸ் வந்தது. சில மண்டைகள் உடைந்தன. நானும் காலேஜில் இருந்தவன்தான். ஆனால் நான் சாதாரண நாட்களிலேயே வகுப்புக்குப் போகாதவன் ஆகையால் என் தியாகத்தை யாரும் கவனிக்கவில்லை. பிறகு எல்லாம் அடங்கினாற்போல் இருந்தது. அடங்கியதற்கு அப்புறம்தான் உண்மையான பயம் தொடங்கியது. எந்தக் குமாஸ்தாவின் பிள்ளை இறங்கி நின்றான், எந்தக் குமாஸ்தா ஆதரவாக வாய் திறந்தான் என்று மேலே தகவல் போய்க்கொண்டிருந்தது. கச்சேரியில் அந்தத் தண்டனைக்கு ஒரே பெயர், கல்லாறு. பொன்முடி மலைக்குக் கீழே, ஆற்றங்கரையில், காட்டு மரங்களை அடுக்கிவைக்கிற டிப்போவில் எழுத்து வேலை. அத்திம்பேருக்குப் பக்கத்து மேஜைக்காரர் அங்கே போய்விட்டு மலைக்காய்ச்சலோடு திரும்பி வந்தார். கொஞ்ச நாளில் அந்த மேஜையில் வேறொருவர் உட்கார்ந்தார். இறந்தவரின் மனைவியிடம் துக்கம் கேட்கப் போய்விட்டு வந்த அக்கா, அன்று எந்தப் புத்தகத்தின் முடிவையும் படிக்கவில்லை.

கோட்டைக்குள் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் பரிசு கொடுக்கும் விழா நடக்கும். தமிழ் வகுப்புகளுக்குப் பரிசுப் புத்தகம் எது என்று சொல்கிற பொறுப்பு அத்திம்பேருடையது. அந்த வருஷமும் சொன்னார். சின்னப் பையன்களுக்கு ஒரு தீவுக் கதை. பெரிய பையன்களுக்கு மதராஸில் அச்சான ஒரு பள்ளிக்கூட நாவல். அதை எழுதியவரின் பெயரை அதற்கு முன்னாலும் பின்னாலும் யாரும் கேள்விப்பட்டதில்லை. கடலோரத்தில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடம். அதில் காவல்காரனின் மகனும் தர்மத்துக்குப் படிக்கிறான். ஒருநாள் ஒரு கைக்கடிகாரம் காணாமல் போகிறது. பையனைத் திருடன் என்று சொல்லி வெளியே அனுப்பிவிடுகிறார்கள். அத்திம்பேர் அந்த இடம்வரை படித்தார். இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவரையே பள்ளிக்கூடத்தைவிட்டு அனுப்பினாற்போல் இருந்தது. "இதுதான்" என்று ஹெட்மாஸ்டருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, புத்தகத்தை வழக்கம்போல் சமையலறை அலமாரியில் வைத்தார். ஆனால் அந்தச் சமயத்தில் அக்காவின் பெண்ணுக்கு மணல்வாரி வந்தது. வேப்பிலையும் இளநீருமாக அக்காவுக்கு நாள் போனதே தெரியவில்லை. பருப்பு டின்னுக்குப் பின்னால் புத்தகம் அப்படியே இருந்தது.

விழாவன்று பிற்பகல் அத்திம்பேர் முன்னாலேயே போய்விட்டார். அக்காவைக் கூட்டிக்கொண்டு போவது என் வேலை. குழந்தைக்குக் குணமாகிவிட்டது. பக்கத்து வீட்டு மாமி பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். நான்தான் சட்டைப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த இடைவெளியில் அவள் புத்தகத்தை எடுத்திருக்கிறாள். ஒட்டியிருந்த பக்கங்களை அரிவாள்மணையில் அறுத்துக்கொண்டு படித்திருக்கிறாள். நான் பொத்தானோடு வந்தபோது அவள் முகத்தில் வெளுப்பு தட்டியிருந்தது.

"உன் அத்திம்பேர் போயாச்சா?"

"எப்பவோ. ஏன்?"

"இதிலே பையன்கள் எல்லாரும் வகுப்பை விட்டு எறங்கிடறாடா. அந்தப் பையனைத் திரும்பச் சேத்துண்டாத்தான் உள்ளே வருவோம்னு மைதானத்திலே நிக்கறா."

"கதைதானே."

"ஹெட்மாஸ்டர் மைதானத்துக்கு வந்து அவாகிட்டே மன்னிப்புக் கேக்கறார்."

"யார் யார்கிட்டே?"

அக்கா புத்தகத்தைக் கீழே வைத்தாள். செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கிவிட்டாள். கோட்டை வாசல்வரை நான் அவளுக்குப் பின்னால் ஓடினேன். வழியில் இரண்டு இடத்தில் போலீஸ்காரர்கள் நின்றார்கள். அவர்கள் சும்மா நின்றார்கள். எனக்கு மட்டும் அவர்கள் அந்த நாவலைப் படித்துவிட்டு நிற்பதுபோல் தோன்றியது.

பள்ளிக்கூட மண்டபத்தில் குருத்தோலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். மேடையில் ஒரு நீள மேஜை. அதன்மேல் நாடா கட்டிய புத்தகங்கள், குவியல் குவியலாக. அக்கா பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். போகும்போது, "நீ போய் அவர் காதிலே போடு. எப்படியாவது அந்தப் புஸ்தகக் கட்டை மட்டும் எடுத்து உள்ளே வெச்சுடச் சொல்லு" என்றாள். அத்திம்பேர் முன்வரிசையில் சந்தனப் பொட்டோடு, மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணின் தகப்பனார் மாதிரி அந்தப் புத்தகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்தேன்.

"அத்திம்பேர், அந்தப் பள்ளிக்கூட நாவல்லே, கடைசியிலே..."

விரல்கள் காதுக்குப் போய்விட்டன.

"இன்னிக்குமாடா? இத்தனை பெரிய மனுஷா இருக்கற இடத்திலேயா?"

"விளையாட்டில்லை. கொஞ்சம் கையை எடுங்கோ."

"சொல்லப்படாது. அப்புறமா உங்க அக்காகிட்டே சொல்லிக்கோ."

"அக்காதான் சொல்லச் சொன்னா."

இதைச் சொன்னபோது அவர் காதுகள் அடைபட்டிருந்தன. உதட்டை வைத்துப் புரிந்துகொள்வாரோ என்று நினைத்துக் கண்களைப் பார்த்தேன். கண்களையும் மூடியிருந்தார். அதற்குள் வாசலில் பாண்டு வாத்தியம் தொடங்கியது. எல்லாரும் எழுந்து நின்றோம். கல்விக் காரியங்களைக் கவனித்துவந்த பெரிய அதிகாரி ஒருவர் உள்ளே வந்தார். நாஞ்சில் நாட்டுக்காரர். கனத்த மீசை, கறுப்புக் கோட்டு. தெருவில் நின்ற பிள்ளைகள் யார் யார் என்ற விசாரணையை அவர்தான் நடத்தினார் என்று ஊரில் பேச்சு. நான் என் இடத்துக்குத் திரும்பும்போது என் கால்கள் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டன.

ஹெட்மாஸ்டர் வருஷாந்தர அறிக்கை படிக்க ஆரம்பித்தார். அவர் மலையாளி. நல்ல மனிதர். ஆனால் அறிக்கை என்று வந்துவிட்டால் கையில் இருக்கும் கடைசித் தாள்வரை விடமாட்டார். அதிகாரி கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கொட்டாவியை மீசைக்குள்ளேயே அடக்கினார். பிறகு, சும்மா கை நீட்டி, மேஜையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். இரண்டு குவியல்களில் அவருடைய கை எந்தக் குவியலுக்குப் போகிறது என்று பார்த்தேன். அதைத்தான் எடுத்தார்.

அதிகாரிகள் புத்தகத்தையும் கச்சேரிக் கோப்பைப் படிப்பதுபோலத்தான் படிப்பார்கள். முதல் பக்கம், நடுவில் ஒரு பக்கம், பிறகு நேரே உத்தரவு எழுதுகிற கடைசிப் பாகம். நடுப்பக்கத்தில் அவர் முகம் மலர்ந்தது. எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. பிறகு கடைசிக்குப் போனார். பக்கம் திறக்கவில்லை. அந்தக் காலத்துப் புத்தகங்கள் பலவும் மடித்த தாள்களைத் தைத்தபடியே வரும். ஓரத்து மடிப்பை அறுத்தால்தான் உள்பக்கம் தெரியும். அவர் விரலால் நெம்பிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, முன்வரிசையைப் பார்த்து, கையால் அறுப்பதுபோல் ஜாடை செய்தார். அந்த வரிசை முழுவதும் குமாஸ்தாக்கள். பேனாக்கத்தி இல்லாத குமாஸ்தா பூணூல் இல்லாத பிராமணன் மாதிரி. எல்லாருடைய கையும் சட்டைப் பைக்குப் போனது. ஆனால் முதலில் எழுந்தவர் அத்திம்பேர்.

மேடையேறினார். அதிகாரி புத்தகத்தை நீட்டினார். தன்னுடைய சிபாரிசை இவ்வளவு பெரிய மனிதர் இவ்வளவு ஆவலோடு படிக்கிறாரே என்ற பெருமை அத்திம்பேரின் முதுகிலேயே தெரிந்தது. கத்தியை விரித்து, கடைசி அத்தியாயங்களின் மடிப்புகளை ஒவ்வொன்றாக அறுத்தார். அறுக்கும்போது தப்பித்தவறிக்கூட ஒரு வார்த்தை கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.  தன் கழுத்துக்கான வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்த இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை. பெண்கள் பக்கம் திரும்பினேன். அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கொல்லத்து வருகை பொதுவே திருப்திகரம்" என்று ஹெட்மாஸ்டர் படித்துக்கொண்டிருந்தார். கொல்லம் என்றால் வருஷம். அதிகாரி ஒரு பக்கம் திருப்பினார். இன்னொரு பக்கம். மலர்ந்திருந்த முகம் மெல்ல மெல்லச் சாதாரணமாகியது. பிறகு அதைவிடவும் சாதாரணமாகியது. அறிக்கை முடிந்தது. கைதட்டினார்கள். அவர் தட்டவில்லை. விரலைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டே எழுந்தார்.

"இந்தப் புத்தகத்தத் தெரிஞ்செடுத்தது யாரு?"

ஹெட்மாஸ்டர் கையை நீட்டிக் காட்டினார். அத்திம்பேர் இன்னும் மேடையிலிருந்து இறங்கவே இல்லை. கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு கும்பிட்டார்.

"முழுசும் படிச்சீராவே?"

"இல்லை. கடைசி மூணு அத்தியாயம் படிக்கற வழக்கமில்லை."

"பின்னே அத யாரு படிப்பா?"

"ஆத்திலே படிப்பா."

மண்டபம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. பெண்கள் பக்கம் திரும்பினார்.

"அந்த அம்மா வந்திருக்காங்களா?"

அக்கா எழுந்தாள். அத்தனை ஆண்கள் முன்னால் அவள் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். 

"அம்மா, பிள்ளையோ எல்லாம் எறங்கி மைதானத்துல நிக்கது வரைக்கும் படிச்சாச்சு. பொறவு என்ன ஆகுது? மாப்புக் கேட்டுட்டு உள்ள போறானுவளா?"

ஒரே ஒரு 'ஆமாம்' போதும். நான் என் இடத்திலிருந்து தலையை மேலும் கீழுமாக ஆட்டினேன், அவள் பார்ப்பாள் என்று. அவள் என்னைப் பார்க்கவில்லை. மேடையைப் பார்த்தாள். அங்கே அத்திம்பேர், பெரிய அதிகாரிக்குப் பக்கத்தில், ஊர் முழுக்கப் பார்க்க, இரண்டு காதுகளிலும் விரல்களை விட்டுக்கொண்டு நின்றார்.

"இல்லை" என்றாள் அக்கா. "அந்தப் பையன் எடுக்கலைன்னு தெரிஞ்சுடறது. ஹெட்மாஸ்டரே மைதானத்துக்கு வரார். 'தப்பு என்னோடதுதான், உள்ளே வாங்கோ'ங்கறார். எல்லாரும் போறா. அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டாள்.  பிறகு பின்பெஞ்சுகளில் ஒருவன் கைதட்டினான். அப்புறம் நாலைந்து பேர். அப்புறம் மண்டபத்தின் பின்பாதி முழுவதும். மண்டை உடைந்து ஆறின பையன்களும் அதில் இருந்தார்கள். ஹெட்மாஸ்டர் தன் அறிக்கையைச் சுருட்டிக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தார். கைத்தட்டலைப் பார்த்து, முடிவைச் சொல்லி ஆயிற்று என்று தெரிந்துகொண்டு, அத்திம்பேர் விரல்களை எடுத்தார். முகம் முழுக்கச் சந்தோஷம்.

"செரி. பரிசக் குடுப்போம்" என்றார் அதிகாரி. ஒன்றுவிடாமல் கொடுத்தார். ஒவ்வொரு பையனின் முகத்தையும் நின்று பார்த்துவிட்டுக் கொடுத்தார். பக்கம் அறுத்த பிரதியை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காரில் ஏறினார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அத்திம்பேர், "எப்படித் தட்டினான்கள் பாத்தியா? நல்ல முடிவு போலிருக்கு" என்றார். அக்கா நடையை எட்டிப் போட்டாள். அன்றிலிருந்து வாசலில் காக்கிச் சட்டை தெரிந்தால் அக்கா கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். பரிசு வாங்கியவர்களிடமிருந்து அந்த நாவல் தெருத்தெருவாகப் போயிற்று. கடைசி அத்தியாயம் தெரியாத ஆள் கோட்டைக்குள் இல்லை, ஒருவரைத் தவிர. அவரிடம் சொல்லப் பலருக்குத் தைரியம் இல்லை. சொல்ல வந்தவர்களுக்கு அவர் காதைக் காட்டவில்லை. கடைசியில் உத்தரவு வந்தது. நிர்வாக வசதியை முன்னிட்டுக் கல்லாற்று டிப்போவுக்கு மாற்றம் என்று இருந்ததே தவிர, காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. அன்றுதான் அக்கா அழுதாள். "நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம்" என்றாள். "பொய் சொல்லியிருந்தா, புஸ்தகம் கையிலே இருக்கற பையன்கள் நம்மாத்துப் பேச்சை அப்புறம் நம்புவாளா" என்றார் அவர். என்ன பொய் என்று கேட்கவில்லை.

கிளம்ப வேண்டிய நாளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹெட்மாஸ்டர் வந்தார். அதிகாரியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். அதிகாரி ஒன்றும் ராட்சசன் இல்லை. அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். அந்தக் கைத்தட்டலுக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். ஒரு வழி சொல்லி அனுப்பியிருந்தார்.

"ரெண்டே ரெண்டு வரி எழுதித் தந்தா மதி, சாமி. முடிவைப் படிக்காமச் சிபாரிசு செய்துபோயி. அது ஒரு வரி. படிச்சிருந்தா செய்திருக்க மாட்டேன். இது ரெண்டாம் வரி. அத்தனைதான். கல்லாறு இல்லை, ஒண்ணும் இல்லை."

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினாற்போல் இருந்தது. முதல் வரி சுத்த சத்தியம். ஊருக்கே தெரியும். நான் மை, பேனா, தாள் எல்லாம் கொண்டுவந்து வைத்தேன். நானாக இருந்தால் ஹெட்மாஸ்டருக்குக் கொடுத்த காபி ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டு, மன்னிப்பு என்று இன்னொரு வரியும் இனாமாகச் சேர்த்திருப்பேன். அத்திம்பேர் பேனாவை எடுத்தார். முதல் வரியை எழுதினார். நிறுத்தினார்.

"படிச்சிருந்தா செஞ்சிருக்க மாட்டேன்னு எழுதணும்னா, படிச்சுப் பாக்கணுமே" என்றார்.

"அதெல்லாம் எதுக்கு சாமி இப்போ?" என்றார் ஹெட்மாஸ்டர்.

அத்திம்பேர் சமையலறைப் பக்கம் திரும்பி, "அந்தப் புஸ்தகத்தை எடுத்துண்டு வா" என்றார். அக்கா நகரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு முடிவையும் கேட்டதில்லை. "நெஜமாவா?" என்றாள். பிறகு கொண்டுவந்து கொடுத்தாள்.

அவர் படித்தார். சாதாரணமாகவே மெதுவாகப் படிக்கிறவர், அன்று இன்னும் மெதுவாகப் படித்தார். ஹெட்மாஸ்டர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். காபியைத் தொடவில்லை. நான் அத்திம்பேரின் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அக்கா கதவில் சாய்ந்து நின்றாள். பக்கம் திரும்பும் இடத்தை வைத்தே அவர் எங்கே இருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பையன்கள் இறங்கும் இடத்தில் அவள் கை கதவு நாதாங்கியைப் பிடித்தது. ஹெட்மாஸ்டர் மைதானத்துக்கு வருகிற இடத்தில் விட்டது. வெளியே யாரோ மோர்க்காரி கூவிக்கொண்டு போனாள். அவர் புத்தகத்தை மூடினார். மூடிக் கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தார்.

"அந்தக் காவல்காரன் பையன் கடைசியிலே எங்கே உக்காந்துக்கறான், கவனிச்சியோ?" என்று அக்காவைக் கேட்டார்.

"முதல் பெஞ்சிலே. நடுவிலே" என்றாள் அக்கா.

"ஆமாம். எல்லாரும் நகந்து எடம் விடறா."

ஒரே பக்கத்தைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதை அன்றுதான் கேட்டேன். பிறகு அவர் முதல் வரியின் கீழே கையெழுத்துப் போட்டு, தாளை ஹெட்மாஸ்டரிடம் நீட்டினார்.

"ரெண்டாம் வரி?"

"அது எழுத முடியாது."

"எந்தா சாமி? ஒரு வரியல்லே?"

"இப்போ படிச்சாச்சே" என்றார் அத்திம்பேர். "இதைத்தான் குடுத்திருப்பேன். முன்னாடியே படிச்சிருந்தா இன்னும் பத்துப் பிரதி ஜாஸ்தி வாங்கச் சொல்லியிருப்பேன்."

ஹெட்மாஸ்டர் அரை மணி நேரம் பேசினார். காய்ச்சலைப் பற்றிப் பேசினார், குழந்தையைப் பற்றிப் பேசினார். அக்காவைப் பார்த்து, "நீங்களாவது பறயணும்" என்றார். அக்கா வீட்டைச் சுற்றி ஒரு தடவை பார்த்தாள், எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிட்டுப் போவது என்று பார்ப்பதுபோல. "கம்பளி ரெண்டு வேணும்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. ஹெட்மாஸ்டர் ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார். ஒரு வரித் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, தயங்கி, "ஆ புஸ்தகம் ஒண்ணு தரணும் சாமி. ஞான் வாயிச்சிட்டில்லா" என்றார். அவரும் படித்திருக்கவில்லை. அத்திம்பேர் அவர் தோளில் கையை வைத்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, முடிவு தெரிந்த முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், சும்மா கொடுத்தனுப்பினார்.

கல்லாற்றில் இரண்டு மழைக்காலம் இருந்தார்கள். அட்டை கடித்தது. காய்ச்சல் வந்தது, அக்காவுக்கும் வந்தது. மூன்று பேரும் உயிரோடு திரும்பினார்கள் என்பதைத்தான் நான் இங்கே சந்தோஷமாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். திரும்பியபோது அத்திம்பேரின் சட்டைக்குள் இன்னொரு அத்திம்பேர் உட்காரலாம் போல் இருந்தது. வாசகசாலையில் வேறு காரியதரிசி வந்து, நீதிக் கதைகளைப் பிள்ளைகள் அலமாரிக்கு மாற்றியிருந்தார்.

இப்போது நானும் சிபாரிசு செய்கிறேன். ஹாஸ்யம் எழுதுகிறவனுக்குப் பிள்ளைகளைப் பற்றித் தெரியும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். பத்திரிகைகளில் கேட்கிறார்கள், கல்யாண வீட்டில் கேட்கிறார்கள். நான் புத்தகம் கைக்கு வந்ததும் கடைசி மூன்று அத்தியாயங்களைத்தான் முதலில் படிக்கிறேன். யாரும் எதிலிருந்தும் இறங்கவில்லை, யாரும் யாரிடமும் தப்பாக மன்னிப்புக் கேட்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான் பெயரைச் சொல்கிறேன். என் சிபாரிசால் எந்த ஹெட்மாஸ்டரின் தூக்கமும் கெட்டதில்லை. போன மாதம் என் பையனுக்கும் ஒரு தீவுக் கதை கொடுத்தேன். இரண்டே நாளில் மேஜையில் திருப்பி வைத்துவிட்டான்.

"அதுக்குள்ளே முடிஞ்சுதா?"

"இல்லைப்பா. பாதிதான்."

"பின்னே? அவனைப் புலி துரத்திண்டிருக்குமே இப்போ?"

"துரத்தறது. ஆனா நீங்க குடுத்த புஸ்தகமாச்சே" என்றான் அவன், என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில். "அவனுக்கு ஒண்ணும் ஆகாது."